காப்பார் தோட்ட மக்களுக்குக் கடலை எங்கிருந்து சொல்லத் தொடங்குவது?

#1 தமிழ்முகில்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வாசகர் வட்டம் காப்பாரில் உள்ள ஒரு தோட்ட மண்டபத்தில் கடலைப் பற்றிய பொதுக்கூட்டம் ஒன்றை நடத்த முடிவு செய்திருக்கிறது. அதை எப்படி அமைப்பது என்று உங்கள் கருத்தைக் கேட்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன். மலேசியாவில், கிள்ளானிலிருந்து கோல சிலாங்கூருக்குச் செல்லும் சாலையில், முன்பு ரப்பரும் இப்போது செம்பனையுமாக உள்ள தோட்டங்களுக்கு நடுவே அமைந்த ஊர் இது. மேற்கே மலாக்கா நீரிணை மிக அருகில் இருக்கிறது. ஆனாலும் செம்பனையும் தடுப்புக் கரையும் அலையாத்திக் காடும் நடுவே மறைத்து நிற்பதால், இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூடக் கடல் என்றதும் போர்ட் டிக்சனைத்தான் நினைக்கிறார்கள்.

இதற்கு முன் வேறோர் அமைப்பினர் இதே மண்டபத்தில் ஒரு சொற்பொழிவு நடத்தினார்கள். பவளப்பாறை, துருவப் பனி, பசிபிக் பெருங்கடலின் பிளாஸ்டிக் என்று படங்கள் அழகாகத்தான் இருந்தன. முடிவில் ஒரு பாட்டி எழுந்து, "இந்த மாதம் கடல் ஐந்தரை மீட்டர் ஏறும் என்று செய்தியில் சொன்னார்களே ஐயா, எங்கள் வீட்டுக் கூரையே அவ்வளவு உயரம் இல்லையே, நாங்கள் எங்கே போவது?" என்று கேட்டார். பேச வந்தவர் அது தமது துறை அல்ல என்று சொல்லிவிட்டார். அந்தக் கேள்விக்குத்தான் முதலில் விடை சொல்லியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஐக்கிய நாடுகள் அவை 2021 முதல் 2030 வரையிலான ஆண்டுகளைக் கடல் அறிவியல் பத்தாண்டாக அறிவித்திருக்கிறது. கடலைப் பற்றிப் பொதுமக்கள் அறிந்திருக்க வேண்டியவை என்று ஏழு அடிப்படைக் கருத்துகளை அறிஞர்கள் வகுத்திருக்கிறார்கள். உலகில் இருப்பது ஒரே பெருங்கடல் என்பதில் தொடங்கி, அதன் பெரும்பகுதி இன்னும் ஆராயப்படவில்லை என்பதில் அந்தப் பட்டியல் முடிகிறது. அனைத்தும் உண்மைதான். ஆனால் அந்தப் பாட்டியின் கேள்விக்கும் இந்த ஏழு கருத்துகளுக்கும் இடையே ஒரு வழி போட வேண்டுமே, அது எங்கே தொடங்குகிறது?

#2 அளவைக்காரர்

நில அளவைப் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் அந்தப் பாட்டியின் கேள்விக்கு விடை எழுதுகிறேன். அந்த ஐந்தரை மீட்டர், தரையிலிருந்து அளந்தது அல்ல. கடல் மிகவும் வற்றும் நாளில் நீர் எவ்வளவு கீழே இறங்கக்கூடுமோ, ஏறத்தாழ அந்த மட்டத்தைச் சுழியமாக வைத்து அளந்த எண் அது. கப்பலோட்டிகளுக்காக அப்படி வைத்தார்கள். கடல் வரைபடத்தில் ஓரிடத்தில் 3 மீட்டர் ஆழம் என்று எழுதியிருந்தால், எவ்வளவு வற்றினாலும் அந்த ஆழம் கிடைக்கும் என்ற உறுதி மாலுமிக்கு வேண்டும். ஆகவே மிகத் தாழ்ந்த மட்டமே அவர்களுக்குத் தொடக்கம்.

நிலத்தில் நாம் உயரம் அளப்பதோ வேறு தொடக்கத்திலிருந்து. தீபகற்ப மலேசியாவின் நில உயரங்கள் எல்லாம், கிள்ளான் துறைமுகத்தில் 1984 முதல் 1993 வரை பதிவான கடல் மட்டத்தின் சராசரியிலிருந்து கணக்கிடப்படுகின்றன. அந்தச் சராசரி, ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது. எனவே ஐந்தரை மீட்டர் என்று செய்தி சொல்லும் ஏற்றம், சராசரிக் கடல் மட்டத்துக்கு மேலே அதில் ஏறத்தாழப் பாதிதான் உயரும். கிணற்றுக்குள் படியில் நிற்பவரைக் கிணற்றின் அடியிலிருந்து அளந்து, "பத்து மீட்டர் மனிதர் வருகிறார்" என்று தெருவில் அறிவித்தால் என்ன அச்சம் வருமோ, அதுதான் அன்று அந்த மண்டபத்திலும் வந்திருக்கிறது.

இதில் குறை செய்தியைக் கேட்டவரிடம் இல்லை. சுழியத்தைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னவரிடம்தான் இருக்கிறது. அந்த அறிவிப்பு உண்மையில் எப்படி இருக்க வேண்டும் என்றால், "நாளை மாலை இத்தனை மணிக்கு, உங்கள் தடுப்புக் கரையின் மேல்விளிம்புக்கு இத்தனை சென்டிமீட்டர் கீழே வரை நீர் வரும்" என்று இருக்க வேண்டும். அதற்கு வேண்டிய இரண்டு எண்களும் இருக்கின்றன. ஒன்று, கடல் ஏறி வற்றும் நேரத்தையும் உயரத்தையும் முன்கூட்டிச் சொல்லும் ஓத அட்டவணையில் கிடைக்கும்; கடற்படையின் நீரளவைப் பிரிவும் நில அளவைத் துறையும் அதை வெளியிடுகின்றன. மற்றது வடிகால், நீர்ப்பாசனத் துறையிடம் கேட்டால் கிடைக்கும். இரண்டையும் ஒரே தொடக்கத்துக்கு மாற்றிக் கழிப்பதுதான் வேலை. கூட்டத்துக்கு முன் அதை நான் செய்து தருகிறேன்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள். அட்டவணையில் உள்ள எண், சந்திரனும் சூரியனும் மட்டும் செய்யும் வேலையைக் கணக்கிட்டது. காற்றும் மழையும் அதில் இல்லை. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும். சுமத்திராப் பக்கமிருந்து விடியலில் வரும் புயற்காற்று அலையைக் கரைமேல் தள்ளும். அதனால்தான் கரைக்கு அரை மீட்டர் கீழே என்று கணக்கு சொன்னாலும் காவலுக்கு ஆள் நிறுத்துகிறார்கள்.

#3 மண்டோர் மகன்

ஐயா எழுதியதைப் படித்து மனம் நிறைந்தது. என் தந்தையார் தோட்டத்தில் வாய்க்கால் வேலைக்கு மண்டோராக, அதாவது மேற்பார்வையாளராக, இருந்தார். தண்ணீர்க் கதவைப் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பே. கூட்டத்தை மண்டபத்தில் தொடங்க வேண்டாம், தண்ணீர்க் கதவடியில் தொடங்குங்கள் என்பது என் வேண்டுகோள்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய வாய்க்கால் தடுப்புக் கரையைத் துளைத்துக்கொண்டு கடலுக்குப் போகும் இடத்தில், மேற்புறம் கீல் வைத்த கனமான கதவு ஒன்று தொங்கும். அதற்கு மோட்டார் கிடையாது. கடல் வற்றும்போது தோட்டத்துத் தண்ணீர் உள்ளிருந்து தள்ளி அதைத் திறக்கும். கடல் ஏறும்போது உப்புத் தண்ணீர் வெளியிலிருந்து அழுத்தி அதை மூடும். இது பன்னிரண்டரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று, ஒரு நாளைக்கு இரண்டு முறை. கதவு மூடியிருக்கும் நேரத்தில் எவ்வளவு மழை பெய்தாலும் அந்தத் தண்ணீர் வாய்க்காலிலேயே நின்றுதான் ஆக வேண்டும். கதவிடுக்கில் ஒரு மட்டை சிக்கிக்கொண்டால் உப்பு உள்ளே ஏறிவிடும். அப்படி ஏறிய பகுதியில் செம்பனை மட்டைகள் நுனியிலிருந்து காய்ந்து வருவதைப் பார்த்திருக்கிறேன்.

கதவுக்குப் பக்கத்துச் சிமெண்டுச் சுவரை ஒருமுறை நின்று பாருங்கள். அடியில் சேறு படிந்த கறுப்பு. அதற்கு மேல் கையை வைத்தால் கீறும்படி வெண்சாம்பல் நிறத்தில் சிறு சிறு ஓட்டுயிர்கள் நெருக்கமாக ஒட்டியிருக்கும். ஓர் உயரத்தில் அவை கத்தியால் வெட்டியது போல் நின்றுவிடும். அதற்கு மேல் சில விரற்கடை பச்சைப்பாசி, பிறகு வெறும் சுவர். அந்த ஓட்டுயிர்கள் தவறாமல் நனைந்தால்தான் பிழைக்கும். ஆகவே அவை நிற்கும் கோடுதான் அன்றாட ஏற்றத்தின் கோடு. என் தந்தையார் அட்டவணையைப் பார்த்ததை விட அந்தக் கோட்டைப் பார்த்ததே அதிகம்.

கடல் மட்டம் உயர்கிறது என்று சொல்வதையும் இந்தக் கதவை வைத்தே சொல்லலாம். கரையைத் தாண்டி அலை வருவது பிறகு. அதற்கு வெகுநாள் முன்பே, கதவு திறந்திருக்கும் நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையத் தொடங்கும். முன்பு நான்கு மணி நேரம் வடிந்த வாய்க்காலுக்கு மூன்றரை மணி நேரம்தான் கிடைக்கும் என்றால், அதே மழைக்கு அதே லயத்து வீட்டு வரிசையில் தண்ணீர் கூடுதலாக நிற்கும். 2021 டிசம்பர் 18ஆம் தேதி கிள்ளானும் ஷா ஆலமும் மூழ்கியதற்கும் கடல் ஏற்றந்தான் காரணம் என்று நினைக்கிறேன். மறுநாள் பௌர்ணமி அல்லவா?

#4 பழைய கிராணி

பெரியவர்களுக்குச் சொல்லும்போது அவர்களுக்குத் தெரிந்ததை முதலில் கேளுங்கள். என் காலத்தில் தோட்டத்து அலுவலகச் சுவரில் பஞ்சாங்க நாட்காட்டி தொங்கும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் மறுநாள், அதற்கடுத்த நாள் வாய்க்கால் வெட்டும் வேலையைக் கரையோரத் துண்டில் வைக்கமாட்டார்கள். அட்டமி, நவமியை ஒட்டி வைப்பார்கள். யாரும் அதை அறிவியல் என்று சொன்னதில்லை, ஆனால் அது பிழைத்ததும் இல்லை. அறிவியல் படித்தவர்கள் வந்து, "உங்களுக்கு ஒன்றும் தெரியாது, நாங்கள் சொல்லித் தருகிறோம்" என்ற தொனியில் ஆரம்பித்தால் பின்வரிசையில் இருப்பவர்கள் எழுந்து தேநீர்க் கடைக்குப் போய்விடுவார்கள்.

என் ஐயம் ஒன்று உண்டு, படித்தவர்கள் தீர்த்து வைக்கட்டும். எல்லாப் பௌர்ணமியும் பௌர்ணமிதானே? பங்குனி, சித்திரையிலும் புரட்டாசி, ஐப்பசியிலும் மட்டும் ஏன் ஏற்றம் மிகப் பெரிதாக இருக்கிறது?

#5 செம்பருத்தி

கிராணி ஐயாவுக்கு வணக்கம். நான் பல்கலைக்கழகத்தில் கடல் அறிவியல் படிக்கிறேன். என் பெற்றோர் இன்றும் ஜெராம் பக்கத்துத் தோட்டத்தில்தான் இருக்கிறார்கள்.

கடலை ஏற்றுவதில் சந்திரனுக்குத்தான் முதல் பங்கு. சூரியனின் பங்கு அதில் பாதிக்கும் சற்றுக் குறைவு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் இரண்டின் வேலையும் கூடுகிறது. அட்டமியில் குறுக்கே நிற்பதால் ஒன்றை மற்றொன்று குறைக்கிறது. கடல் உடனே பணிந்துவிடாமல் சற்றுப் பின்தங்கி வருவதால்தான் ஐயா சொன்ன அந்த மறுநாளும் அதற்கடுத்த நாளும். நம் நீரிணையைப் போல் நாளுக்கு இரு ஏற்றம் உள்ள இடங்களில், சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே நிற்கும் மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டி இந்த இரட்டை இழுப்பு மிகுதியாகிறது. அந்த நாள்களில் சந்திரனும் பூமிக்கு அருகில் வந்துவிட்டால் ஆண்டின் மிகப் பெரிய ஏற்றம் வரும். சந்திரன் ஒரு சுற்றுக்குப் பின் நம் தலைக்கு மேல் திரும்ப 24 மணி 50 நிமிடம் ஆவதால், ஏற்றமும் நாள்தோறும் ஐம்பது நிமிடம் பிந்தி வருகிறது.

நம் கரையில் ஏன் இவ்வளவு என்றால், அந்தமான் கடலிலிருந்து உள்ளே வரும் ஓத அலை, தெற்கே போகப் போகக் குறுகி ஆழமும் குறைந்து வரும் நீரிணைக்குள் நெருக்கப்படுகிறது. கிள்ளானை ஒட்டிய பகுதியில் அது உச்சமடைகிறது. கிழக்குக் கரையில் உள்ள உறவினர்களிடம் கேட்டுப் பாருங்கள், அங்கே இவ்வளவு ஏறாது.

#6 அளவைக்காரர்

மண்டோர் மகன் தம்பிக்கு: தண்ணீர்க் கதவைப் பற்றி எழுதியது அருமை, கூட்டத்தின் நடு அதுவாகவே இருக்கட்டும். ஆனால் 2021 வெள்ளத்தைப் பற்றிச் சொல்லும்போது நிதானம் வேண்டும். மறுநாள் பௌர்ணமி என்பது சரி. ஆனால் அந்த ஆண்டின் பௌர்ணமிகளிலேயே சந்திரன் மிகத் தொலைவில் நின்ற பௌர்ணமி அது. ஆகவே பெரிய ஏற்றமாக இருக்க வழியில்லை. வெள்ளத்துக்குத் தலையாய காரணம் விடாது கொட்டிய மழை. கடல் ஏறிய மணிகளில் ஆறும் வாய்க்காலும் வடிவது தாமதமானது என்ற அளவிலேயே கடலின் பங்கு. மேடையிலிருந்து "கடல்தான் மூழ்கடித்தது" என்று ஒருவர் சொல்லி, கேட்பவர்களில் ஒருவர் நாட்காட்டியை எடுத்துப் பார்த்துவிட்டால், அதன்பின் நாம் சொல்லும் எதையும் அவர் நம்பமாட்டார்.

#7 அறிவியல் ஆசிரியை

தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். கடல் வரையச் சொன்னால் எங்கள் மாணவர்கள் அனைவரும் நீல வண்ணத்தை எடுக்கிறார்கள். மஞ்சள் மணல், தென்னை, வண்ண மீன். பத்து நிமிடத் தொலைவில் உள்ள தங்கள் கடல் பழுப்பு நிறம் என்பதால் அதைக் கெட்டுப்போன கடல் என்றே நம்புகிறார்கள். இந்த எண்ணத்தை மாற்றுவதுதான் எனக்கு முதல் வேலையாகப் படுகிறது. ஆறுகள் கொண்டுவரும் நுண்ணிய களிமண்ணை நாளுக்கு நான்கு முறை ஓடும் நீரோட்டம் கலக்கிக்கொண்டே இருப்பதால் வந்த நிறம் அது. அந்தச் சேற்றில்தான் கெராங் என்னும் சிப்பி வளர்கிறது, அந்தச் சேற்றில்தான் அலையாத்தி வேர் பிடிக்கிறது. சைபீரியாவில் குஞ்சு பொரித்துவிட்டு ஆஸ்திரேலியா வரை போகும் கரைப்பறவைகள், வழியில் இந்தச் சேற்றில் இரை தேடிவிட்டு, ஏற்ற நேரத்தில் காப்பார் மின்நிலையத்தின் சாம்பல் குளங்களில் வந்து ஒதுங்குகின்றன. பறவை ஆய்வாளர்கள் வெளிநாட்டிலிருந்து வந்து பார்க்கும் காட்சி அது. நம் பிள்ளைகளுக்குத் தெரியாது.

கெட்டுப்போகவே இல்லை என்றும் சொல்லிவிடக் கூடாது. குப்பை இருக்கிறது, கழிவுநீர் இருக்கிறது. ஆனால் நிறத்தைப் பார்த்து அழுக்கு என்று முடிவு செய்வது வேறு, நீரைச் சோதித்து முடிவு செய்வது வேறு என்பதைப் பிள்ளைகள் பிரித்தறிய வேண்டும்.

எங்கள் வகுப்பில் நன்றாக வேலை செய்த ஒரு முறையைச் சொல்கிறேன். ஓத அட்டவணையில் ஒரு வாரத்தை எடுத்து, வாய்க்கால் ஓரத்தில் வீடு உள்ள மாணவர்களிடம் கொடுத்தேன். ஏற்றம் எத்தனை மணிக்கு என்று அட்டவணை சொல்கிறதோ, அந்த நேரத்தில் வாய்க்கால் நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எப்போது நிற்கிறது, எப்போது திரும்புகிறது என்று பெற்றோருடன் பார்த்து எழுதி வர வேண்டும். அச்சில் உள்ளது கண்முன் நடந்ததைப் பார்த்த பிள்ளைகளுக்கு ஏற்பட்ட வியப்பை எந்தப் படக்காட்சியும் தந்ததில்லை. அட்டவணை சொன்னதற்கும் வாய்க்காலில் நடந்ததற்கும் சற்றுத் தாமதம் இருப்பதைக் கண்டுபிடித்து, ஏன் என்று கேட்டவர்களும் உண்டு. முன்கூட்டிச் சொல்லி, நாளுக்கு இரண்டு முறை எல்லாரும் சரிபார்க்கக்கூடிய வேறு அறிவியல் எது இருக்கிறது?

சசாரான் படகுத்துறையிலிருந்து சுற்றுலாப் பயணிகளை அழைத்துச் செல்லும் அந்த 'வானக் கண்ணாடி' மணல்திட்டையும் சொல்லுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாள்களில் மட்டும் அது ஏன் வெளியே வருகிறது என்ற கேள்வியைக் கேட்டால் பெரிய வற்றம் தானாகப் புரிந்துவிடும்.

#8 ஜெராம் கடலோரம்

நான் மீன், கெராங் வியாபாரம் செய்பவன். கடல் அறிவியலைச் சொல்வதென்றால் தட்டில் இருப்பதையும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் இதில் உயிர் போகும்.

2024ஆம் ஆண்டின் முற்பகுதியில் போர்ட் டிக்சன் கடலில் நச்சுப்பாசி பெருகி, அங்கு எடுத்த கூப்பாங் முதலிய சிப்பி வகைகளைத் தின்ன வேண்டாம் என்று மீன்வளத் துறை அறிவித்தது. தின்ற சிலர் மருத்துவமனைக்குப் போனார்கள். அந்த நாள்களில் என் கடைக்கு வந்தவர்கள் சொன்னவை: "நன்றாக வேகவைத்தால் சரியாகிவிடும்", "பூண்டு போட்டால் நஞ்சு முறியும்", "தண்ணீர் சிவக்கவில்லையே". மூன்றும் தவறு. அந்த நஞ்சு கொதிநீரில் அழியாது. எண்ணெயில் பொரித்தாலும் அழியாது. பூண்டு அதை முறிக்காது, வெள்ளிக் கரண்டி அதைக் காட்டிக்கொடுக்காது. நீர் சாதாரண நிறத்தில் இருக்கும்போதே நஞ்சு இருக்கலாம். இந்த உயிரினங்கள் நாள் முழுதும் கடல்நீரை வடிகட்டித் தின்பவை. பாசியின் நஞ்சு அவற்றின் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும், அவை சாவதில்லை. தின்ற மனிதருக்கு முதலில் உதடும் விரல் நுனியும் மரத்துப்போகும். கடுமையானால் மூச்சு நின்றுவிடும். மாற்று மருந்து இல்லை, மூச்சுக்குத் துணை கொடுத்தால் பிழைப்பார்கள். ஆகவே உதடு மரத்தவுடன் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சபாவில் 1976இலேயே இதனால் உயிர்கள் போயிருக்கின்றன.

என் வியாபாரம் கெடுமே என்று சிலர் கேட்டார்கள். எந்தக் கடற்பகுதி, எந்த வகை, எது முதல் எது வரை என்று தெளிவாகச் சொன்னால் வியாபாரம் கெடாது. "கடல் உணவு ஆபத்து" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால்தான் எங்கள் கெராங்கும் நிற்கும், கெம்போங் மீனும் நிற்கும்.

#9 செங்கதிர்

எல்லாரும் நிதானம் நிதானம் என்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. மக்கள் அச்சப்பட்டால்தான் அசைவார்கள். 2050க்குள் கடலில் மீனை விடப் பிளாஸ்டிக் அதிகமாகிவிடும், நாம் இழுக்கும் இரண்டு மூச்சில் ஒன்று கடல் தருவது, பசிபிக்கில் குப்பைத் தீவே உருவாகிவிட்டது என்று உரக்கச் சொல்லுங்கள். கதவு, கோடு, அட்டவணை என்று பேசினால் பத்துப் பேர்கூட வரமாட்டார்கள்.

#10 செம்பருத்தி

செங்கதிர் அண்ணன் அவர்களுக்கு: உங்கள் அக்கறையை மதிக்கிறேன், ஆனால் அந்த மூன்றையும் நான் மேடையில் சொல்லமாட்டேன். மீனை விடப் பிளாஸ்டிக் என்பது 2016இல் ஓர் அறிக்கையில் வந்த மதிப்பீடு. கடலில் உள்ள மீனின் மொத்த எடையை எவரும் உறுதியாக அறிந்ததில்லை, மதிப்பீடுகள் ஒன்றுக்கொன்று பல மடங்கு வேறுபடுகின்றன. பசிபிக்கில் இருப்பது கால் வைத்து நிற்கும் தீவு அல்ல. ஹவாய்க்கும் கலிபோர்னியாவுக்கும் இடையே மிகப் பரந்த நீர்ப்பரப்பில், பெரும்பாலும் கண்ணுக்கு எளிதில் தெரியாத துணுக்குகளும் அறுந்த வலைகளுமாகச் சிதறிக் கிடப்பது. தீவு என்று சொன்னால், அள்ளி எடுத்துவிட்டால் தீர்ந்தது என்ற எண்ணம் வருகிறது; உண்மை அதை விடக் கடினமானது. உயிர்வளியைப் பொறுத்தவரை, உலகில் ஒளிச்சேர்க்கையால் உருவாவதில் ஏறத்தாழப் பாதி கடலில் உருவாகிறது என்பது சரி, ஆனால் அதில் மிகப் பெரும்பகுதியைக் கடல்வாழ் உயிர்களே செலவழித்துவிடுகின்றன. நாம் மூச்சிழுக்கும் காற்றில் உள்ள 21 விழுக்காடு கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்தது.

உண்மையே போதிய அளவு கனமாக இருக்கிறது அண்ணா. நாம் எரித்த எரிபொருளால் பூமியில் கூடுதலாகத் தங்கிய வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கடல்தான் வாங்கிக்கொண்டது. சூடேறிய நீர் விரிகிறது, நிலத்துப் பனி உருகிச் சேர்கிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது, அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு மூன்று மில்லிமீட்டருக்கும் மேல் உயர்கிறது. இந்த 20 சென்டிமீட்டரை மண்டோர் மகன் அண்ணன் சொன்ன சுவரில், ஓட்டுயிர்க் கோட்டுக்கு மேல் ஒரு சாண் வைத்துக் காட்டினால் அச்சமூட்டத் தேவையே இல்லை, பார்ப்பவர்களே கதவைத் திரும்பிப் பார்ப்பார்கள். நீர் வடித்த களிமண் நிலம் ஆண்டாண்டாக இறுகித் தாழ்வதையும் அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் கடல் ஏறுவது பாதிக் கதைதான்.

அச்சத்தைப் பற்றி இன்னொன்று. 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தபோது, சுமத்திராவை ஒட்டிய சிமெலுவே தீவு நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்தது. எந்த எச்சரிக்கைக் கருவியும் சொல்லி முடிக்கும் முன்பே அலை வந்திருக்கும். ஆயினும் 78 ஆயிரம் பேர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர். 1907இல் நேர்ந்ததைப் பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகவும் பாட்டாகவும் சொல்லி வந்தார்கள்: நிலம் பலமாக ஆடினால், கடல் உள்வாங்கினால், எதையும் எடுக்காமல் மேட்டுக்கு ஓடு. அங்கே அதற்கு 'ஸ்மோங்' என்று பெயர். என்ன பார்க்க வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்ற இரண்டும் அதில் இருந்தன. நம் நாட்டுக் கரைக்கு அலை வந்து சேர மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஆனது. ஆனாலும் பினாங்கிலும் கோல மூடாவிலும் பிற இடங்களிலும் 68 பேர் இறந்தார்கள், ஏனெனில் நேரம் இருந்தும் சொல்ல ஆளில்லை. அதே நாளில் புக்கெட் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயதுச் சிறுமி, இரண்டு வாரம் முன்பு புவியியல் வகுப்பில் கேட்டதை நினைவில் வைத்துக் கூச்சலிட்டதால் கரையிலிருந்தவர்கள் தப்பினார்கள்.

#11 பழைய கிராணி

அம்மா செம்பருத்தி, ஓர் ஐயம். கடல் உள்வாங்கினால் ஓடு என்றால், உள்வாங்கவில்லை என்றால் ஓட வேண்டாம் என்று நம் ஆட்கள் எடுத்துக்கொள்ளமாட்டார்களா? நாகப்பட்டினத்து உறவினர்கள், கடல் உள்வாங்கியதாகச் சொல்லவில்லை, திடீரென்று ஏறி வந்தது என்றார்கள்.

#12 செம்பருத்தி

மிகத் தேவையான கேள்வி ஐயா. கடலடி பிளந்தபோது ஒரு பக்கம் தாழ்ந்தது, மறுபக்கம் உயர்ந்தது. தாழ்ந்த பக்கமாகிய கிழக்கில், தாய்லாந்துக்கும் நமக்கும், முதலில் பள்ளம் வந்தது, கடல் உள்வாங்கியது. மேற்கில், இலங்கைக்கும் தமிழ்நாட்டுக்கும், முதலில் ஏற்றமே வந்தது. ஆகவே உள்வாங்கல் ஓர் அறிகுறி மட்டுமே. கடலோரத்தில் நிற்கும்போது நீண்ட நேரம் நிலம் ஆடினாலோ, அதிகாரிகள் அறிவித்தாலோ, கடல் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்காமல் விலக வேண்டும். முதல் அலையோடு முடிந்துவிட்டது என்று திரும்பிப் போகவும் கூடாது. 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் வரும் அலை, 50 மீட்டர் ஆழத்தில் 80 கிலோமீட்டருக்குக் குறைந்துவிடும். நம் நீரிணை ஆழமற்றது என்பதால் நமக்கு நேரம் கிடைக்கும்.

#13 தமிழ்முகில்

அனைவருக்கும் நன்றி. செங்கதிர் அவர்களின் ஆற்றாமை எனக்கும் உண்டு. ஆனால் பயமுறுத்தி அழைத்தால் ஒரு முறை வருவார்கள். சொன்னது நடந்ததைக் கண்ணால் பார்த்தால் மறுமுறையும் கேட்க வருவார்கள். ஆகவே எங்கள் முடிவு இதுதான்.

கூட்டம் ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் மாலை, தண்ணீர்க் கதவடியில் தொடங்கும். நம் கரையில் பெரிய ஏற்றம் காலையும் மாலையும் ஆறு ஏழு மணியை ஒட்டியே வருவதால் நேரமும் பொருந்துகிறது. ஒரு வாரம் முன்பே கோயில், தமிழ்ப்பள்ளி, மளிகைக் கடை மூன்றிலும் ஓர் அறிவிப்பை ஒட்டுவோம்: "இன்ன நாள், இத்தனை மணிக்குக் கடல் ஏறி நிற்கும், கரை விளிம்புக்கு இத்தனை சென்டிமீட்டர் கீழே நிற்கும், வந்து பாருங்கள்." அளவைக்காரர் ஐயா தரும் எண்ணையே எழுதுவோம். நீர் ஏறும்போது மண்டோர் மகன் கதவைப் பற்றிச் சொல்லட்டும், கிராணி ஐயா பஞ்சாங்கத்தைப் பற்றிச் சொல்லட்டும். பிறகு மண்டபத்தில் செம்பருத்தியும் ஜெராம் அண்ணனும் பேசட்டும். நச்சுப்பாசியைச் சமையலறைப் பேச்சாகவே வைத்துக்கொள்வோம். ஏழு கருத்துகளை அச்சிட்டுக் கொடுக்கப்போவதில்லை. ஒரே கடல் என்பது, அந்தமான் கடலில் புறப்பட்ட ஓதம் நம் கதவை மூடுவதைப் பார்க்கும்போதே வந்துவிடுகிறது. கூரையைப் பற்றிக் கேட்ட பாட்டியை முன்வரிசையில் அமர வைக்க நானே போய் அழைத்து வருகிறேன்.

#14 மண்டோர் மகன்

இரண்டு செய்திகள் அக்கா. கதவுக்கு மேல் உள்ள நடைபாலத்தில் ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பி துருப்பிடித்திருக்கிறது. பிள்ளைகளைக் கரைமேலேயே நிறுத்த வேண்டும். அடுத்து, துறையிடம் முன்கூட்டி எழுத்து அனுமதி பெற வேண்டும். விண்ணப்பத்தை நான் எழுதிக்கொண்டு போகிறேன். சுவரில் கோடு போட வெள்ளைச் சாயமும் நீண்ட அளவுகோலும் என்னிடம் இருக்கின்றன.

#15 அளவைக்காரர்

தம்பி, சாயம் அடிக்கும் முன் என்னைக் கூப்பிடுங்கள். மட்டக்கருவியைக் கொண்டுவந்து கரை விளிம்பின் உயரத்தை அளந்த பிறகு கோட்டைப் போடுவோம். அதன் அருகில், எங்கிருந்து அளந்தது என்பதையும் தமிழிலும் மலாயிலும் எழுதிவிடுவோம்.